பாவு கொடுத்துப் போட்ட ஊசி

எனக்கு ஊசி போடத் தெரியாது. மருந்து எழுதவும் தெரியாது. ஊசி போட்டுக்கொள்ள ஜனங்களைச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை. அரசாங்கம் அதற்கு வைத்திருந்த பெயர் வட்டார விரிவாக்கக் கல்வியாளர். ஆபீஸில் பி.இ.இ. என்பார்கள். சமூகவியலில் எம்.ஏ. முடித்து, சுகாதாரக் கல்வியில் டிப்ளமோ வாங்கி, ஆரணிக்கு அருகிலிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். அந்த வட்டாரத்திலேயே ரிட்டையரானேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க, என் அனுபவங்களை எழுதித் தரும்படி பழைய சகா ஒருவர் கேட்டார். காலரா வந்தபோது கிணறுகளுக்கு பிளீச்சிங் போட்டது, போலியோ முகாம் நடத்தியது என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போய் வாசலில் நடக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்தான் வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

ஆபரேஷன் சார்

தொண்ணூறுகளின் தொடக்கம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் டி.டி. என்கிற ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசியை ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். தாய்க்குப் போடுகிற ஊசி. காப்பாற்றுவது பிறக்கப்போகிற குழந்தையை. மருத்துவத்துக்கு அது புதிதல்ல. சேவூரில் நாங்கள் போன நெசவாளர் தெருவுக்குப் புதிது. வயிற்றில் பிள்ளையோடு ஊசி போட்டுக்கொண்டவர் அந்தத் தெருவில் அதுவரை யாரும் இல்லை.

நானும் கிராம சுகாதாரச் செவிலியர் எஸ்தரும் போனோம். எஸ்தர் வெடுக்கென்று பேசுகிறவர். தோளில் தொங்கும் வேக்சின் கேரியரை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவார், ஆனால் வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். நான் விளக்கப் படங்கள் உள்ள ஃப்ளிப் சார்ட்டை வேப்பமரத்தில் மாட்டினேன். தறிச் சத்தத்துக்கு நடுவே சில பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

"ஏம்மா, போன வருஷம் எங்க கொழுந்தன ஆபரேஷனுக்கு இட்டுகினு போனாரே, அந்த சாரு தானே இவரு?"

"அவரேதான். ஆபரேஷன் சாரு. இப்ப ஊசி எடுத்துகினு வந்துகிறாரு."

"கத்தி வேணாம், ஊசியிலயே வேலய முடிச்சிடலாம்னு பாக்கறாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்துவிட்டார். அப்போது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எங்களுக்கு டார்கெட் உண்டு. ஆள் பிடிக்க அந்தத் தெருவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அதே ஆள் இப்போது கர்ப்பிணிக்கு ஊசி என்று வந்து நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். அன்று எனக்கு அது தோன்றவில்லை. அறியாமை என்று நினைத்தேன். படித்த புத்தகத்தில் அந்தச் சொல் இருந்தது.

திறந்திருந்த ஒரு வீட்டுக்குள், குழித்தறியில் உட்கார்ந்தபடியே ஒரு பெண் கேட்டாள்.

"சார், அந்த ஊசி போட்டா கை வலிக்குமா?"

அவள்தான் சரோஜா. தலைப்பிரசவம், ஆறு மாதம் முடிந்திருந்தது. கணவன் பழனி அடுத்த தறியில் இருந்தான்.

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன்.

"இல்லம்மா, ரெண்டு நாளு நல்லாவே வலிக்கும்" என்றார் எஸ்தர். "சிலருக்கு வீங்கும். தானா போயிடும்."

நான் எஸ்தரை முறைத்தேன். சரோஜா கொஞ்சம் யோசித்தாள்.

"இந்தப் பாவுல இன்னும் ஒரு சேல பாக்கி இருக்குது நர்சம்மா. அத்த அறுத்துட்டு, புதுப் பாவு பிணைக்கிற அன்னிக்கு வாங்களேன். அன்னிக்கு நான் தறியில ஒக்கார மாட்டேன். போட்டுக்கறேன்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுத் தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கும் இழைத் தொகுதிதான் பாவு. ஒரு பாவு தீர்ந்தால், அதன் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பதற்கென்றே ஆள் வருவார்கள். அது முடிகிறவரை நெய்கிறவர்களுக்கு வேலை இல்லை. அவள் கேட்டது அந்த நாளை.

எனக்கு அது சாக்காகப் பட்டது. "உங்க தறியப் பாத்துகினு கவர்மெண்ட் நாள் வைக்க முடியுமாம்மா? அப்புறம் ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு நாளு வரணும்" என்றேன். என் பேச்சில் அந்த ஊர் நடை ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர ஊர் ஒட்டவில்லை. அவள் நாடாக் கயிற்றை இழுத்தாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்று ஒருத்தரும் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் எஸ்தர், "அந்தப் பொண்ணு போட்டுக்கறேன்னு தானே சார் சொல்லிச்சு?" என்றார். "நாள் தள்றதும் மறுக்கறதும் ஒண்ணுதான் சிஸ்டர்" என்றேன்.

முதலாளி கடையில்

மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் அதிகாரி என்னை எழுப்பி நிற்க வைத்தார். "எம்.ஏ. படிச்சவரு, ஒரு தெருவை கன்வின்ஸ் பண்ண முடியலையா?" என்று எல்லோர் முன்னும் கேட்டார். மீட்டிங் முடிந்ததும் கிளம்பினேன். நேராக ஆரணி டவுனில் தாமோதரன் கடைக்குப் போனேன். அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து, சேலை வாங்கிக்கொள்ளும் முதலாளி அவர்.

வெள்ளை விரிப்பில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

"இன்னா சார் இது, இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா? மரத்தடியில நின்னுகினு தொண்ட கிழிய கத்தறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல? ஊசி போடாத வூட்டுக்கு அடுத்த பாவு கெடையாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சது. ஜல்தியா வேல ஆயிடும்."

இதைத்தான் எதிர்பார்த்துப் போனேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். எதிர்பார்த்துத்தான் போனேன்.

அடுத்த வாரம் கடையின் பின்கட்டில் ஊசி. தெருவிலிருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, என்னைக் கிண்டல் செய்யவில்லை. வரிசையாகக் கையை நீட்டினார்கள். தாமோதரன் வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சரோஜாவும் வந்தாள். எஸ்தர் அவளிடம் மெதுவாக, "பாவு தீந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் முந்தானி பாக்கி இருக்குது. முகூர்த்தச் சேல. கையோட குடுக்கணும்."

"அப்ப ரெண்டு நாளு கழிச்சி நானே வரட்டுமா?"

சரோஜா வாசலைப் பார்த்தாள். "வேணாம் நர்சம்மா. போட்டுடுங்க."

நான் குறுக்கிட்டேன். "பாத்தியாம்மா, எறும்பு கடிதான்." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் எஸ்தர் சொன்னார். "பாவுக்காக நீட்டின கைய சம்மதம்னு எப்படி சார் சொல்றது?"

"கவரேஜ் கணக்குல எல்லாக் கையும் ஒண்ணுதான் சிஸ்டர்."

அடுத்த ரிவ்யூவில் அதிகாரி என் கையைக் குலுக்கினார். மற்ற வட்டாரத்துக் கல்வியாளர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். 'ஒப்பீனியன் லீடர்' மூலமாகச் சமூகத்தை அணுகும் முறை என்று விளக்கினேன். அதுவும் புத்தகத்தில் இருந்த சொல்தான்.

பட்டை விழுந்த சேலை

ஊசி போட்ட மறுநாள் சரோஜா தறியில் உட்கார்ந்திருக்கிறாள். இடது தோள் வீங்கியிருந்திருக்கிறது. இழையை நெருக்கும் பலகையை ஒரே சீராக அடிக்க வேண்டும். அடி ஒரு இடத்தில் லேசாகவும் ஒரு இடத்தில் அழுத்தமாகவும் விழுந்தால் துணியில் குறுக்கே பட்டை தெரியும். பட்டில் அதை மறைக்க முடியாது. முந்தானையில் இரண்டு இடத்தில் பட்டை விழுந்துவிட்டது. தாமோதரன் சேலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பழனியின் மடியிலேயே திருப்பிப் போட்டிருக்கிறார். அடுத்த பாவையும் நிறுத்திவிட்டார்.

பழனி என் ஆபீஸுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்க சொல்லித்தான் முதலாளி ஊசி போடச் சொன்னாரு. ஊசியாலதான் அவளுக்கு கை ஓடல. அத்த நீங்க ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

ஒரே ஒரு வார்த்தை. சைக்கிளை எடுத்தால் கடை பத்து நிமிஷம். நான் போகவில்லை. ஊசியால் கை வலித்தது என்று நானே முதலாளியிடம் சொன்னால், அது தெருவெல்லாம் பரவும், இரண்டாவது டோஸுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், என் கவரேஜ் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

"அந்த ஊசிக்கு கை வலி எல்லாம் வராதுப்பா. அவங்களுக்கு வேற ஏதாவது இருக்கும். மாசமா இருக்கற அசதி" என்றேன்.

"வலி வரும்னு நர்சம்மா சொன்னாங்களே சார்" என்றான் பழனி. நான் ஃபைலைப் பார்க்கத் தொடங்கினேன். அவன் போய்விட்டான்.

கை வலிப் பேச்சு பரவக்கூடாது என்று நான் பொய் சொன்னேன். கை வலி ஏற்கெனவே தெரு முழுக்க எல்லோர் தோளிலும் இருந்தது. பரவியது என் பொய்தான்.

போளூருக்கு அப்பால்

இரண்டாவது டோஸுக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். சரோஜா வரவில்லை. வளைகாப்புகூடப் போடாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். போளூர் தாண்டி ஒரு கிராமம்.

"இப்ப எட்டு மாசம் சார். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ரெண்டாவது டோஸ் உள்ள போகணும்" என்றார் எஸ்தர்.

"அது வேற வட்டாரம். அவங்க பாத்துப்பாங்க."

எஸ்தர் விடவில்லை. காலையில் ஆபீஸுக்கு வந்தால் முதல் பேச்சு அதுதான், சைக்கிள் ஸ்டாண்டில் கடைசிப் பேச்சும் அதுதான். எனக்கும் நிம்மதி இல்லை. ஆனால் அந்த நிம்மதியின்மையை எஸ்தர் மேல் எரிச்சலாகக் காட்டினேன். அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் ஒரு நாள் போளூர் பஸ் ஏறினோம். கேரியரில் ஐஸ் பேக் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எஸ்தர் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது.

வீட்டில் சரோஜாவின் அப்பா இருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சேவூர்ல இருந்தா வர்றீங்க? பாவ நிறுத்தினது பத்தாதா? இங்க எங்களுக்கு வேர்க்கடலதான். அத்த யாரும் நிறுத்த முடியாது."

நான் அவருக்கு ரணஜன்னியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். நல்ல விளக்கம்தான். அவர் என் வாயைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அதற்குள் கதவோரம் போய் உள்ளே பேசிவிட்டு வந்தார். என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், போட்டுக்கறேன்னு சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க இருக்கக் கூடாதாம். கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாப்புல போய் நில்லுங்க. நான் போட்டுட்டு வந்துடறேன்."

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் நடந்து போயிருக்கலாம். பஸ் ஸ்டாப் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது, நிழல்கூட இருந்தது. ஆனால் இத்தனை தூரம் வந்த அதிகாரி நான், எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்னை வெளியே நிற்கச் சொல்கிறார் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

"நான் இல்லாம எப்படி? ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு, கதவருகே போய், "சரோஜா, வெளிய வாம்மா. பயப்படாத. இப்படி மறைஞ்சிகினு இருந்தா உன் கொழந்தைக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் பேசினேன். அவள் அப்பா, "போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் என்னிடம் சொல்லாமல், லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனார். அதற்குள் சரோஜாவுக்கு, எதிர்பார்த்த தேதிக்கு முன்பே பிரசவமாகியிருந்தது. ஆண் குழந்தை. ஊர் மருத்துவச்சி வீட்டிலிருந்த பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பல் வைத்துக் கட்டியிருந்தாள். எஸ்தர் அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி மன்றாடியிருக்கிறார். குழந்தை நன்றாகத்தானே பால் குடிக்கிறது என்று அவர்கள் வரவில்லை.

ஒரு வாரம் ஆவதற்குள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. வாய் திறக்கவில்லை, தொட்டால் உடம்பு வில்லாக வளைந்து விறைத்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை.

எங்கள் டாக்டர் பிறகு ஒன்று சொன்னார். நாங்கள் போளூர் போன அன்று ஊசி போட்டிருந்தாலும் அது வேலை செய்ய நேரம் போதுமானதாக இருந்திருக்காது என்று. நிஜமாக இருக்கலாம். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கப் பார்த்தேன். ஆனால் இரண்டு வாரம் முன்னால் போயிருக்கலாம். அதற்கு முன்னால், பழனி கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் சேவூரை விட்டே போயிருக்க மாட்டாள்.

விசாரணை

ரணஜன்னியில் ஒரு குழந்தை இறந்தால் விசாரணை உண்டு. மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்தார். சின்ன அறை, ஃபேன் ஓடவில்லை.

"இரண்டாவது டோஸ் ஏன் போடல?"

"மறுத்துட்டாங்க சார்" என்றேன். "ரெண்டு தடவை முயற்சி பண்ணினோம். வீடு வரைக்கும் போனோம். கதவைச் சாத்திட்டாங்க."

எஸ்தர் எழுந்தார். "மறுக்கல சார். போட்டுக்கறேன்னுதான் சொன்னாங்க. என்னைத் தனியா..."

"நீங்க உக்காருங்க சிஸ்டர். சார் சொல்லிட்டிருக்கார் இல்ல."

எஸ்தர் நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். எஸ்தர் உட்கார்ந்துவிட்டார். சில மாதங்களில் வேறு துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "கேரியர் பெல்ட்டு பிஞ்சிருக்கு, புதுசு கேளுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கதை

இதோடு முடிந்திருந்தால் ஒரு மரணம், ஒரு பொய். நான் அதோடு நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு கிராமத்தில், பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, வாயில் தானாக வந்தது. "சேவூர்ல ஒரு அம்மா இந்த ஊசிய வேணாம்னு சொன்னாங்க. அந்தத் தெருவுல எல்லாக் கொழந்தையும் நல்லா இருக்குது. அவங்க கொழந்த மட்டும் இல்ல." ஒரு பெண் முன்னால் வந்து கையை நீட்டினாள். அவள் பின்னால் இன்னும் சிலர்.

அதன் பிறகு போன இடமெல்லாம் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாகச் சொல்ல வந்தது. ட்ரெயினிங் வகுப்புகளில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் தங்கள் வட்டாரத்தில் சொன்னார்கள். அந்தக் கதையால் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் உண்டு, பிழைத்த குழந்தைகளும் இருக்கலாம். இதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் அதை நிறுத்துவது எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் ரிட்டையராகச் சில வருஷம் இருக்கும்போது, சேவூரில் கர்ப்பிணிகள் முகாம் ஒன்று நடந்தது. இளம் செவிலியர் ஒருவர் மைக் பிடித்தார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"இதே சேவூர்ல முன்ன ஒரு அம்மா, ஊசியே வேணாம்னு அடம் புடிச்சாங்களாம்..."

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "அது நாந்தாங்க."

சரோஜா. கன்னத்தில் எலும்பு தெரிந்தது, மற்றபடி அடையாளம் மாறவில்லை. கர்ப்பமாயிருந்த ஓரகத்தியை, கணவனின் தம்பி மனைவியை, கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். செவிலியர் திகைத்துப்போய், "சாரிக்கா, எங்களுக்கு ட்ரெயினிங்ல சொன்னாங்க" என்றார்.

"யாரு சொன்னது?"

செவிலியர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேணாம்னு நான் எப்ப சார் சொன்னேன்?" சரோஜா குரலை உயர்த்தவில்லை.

"அது பழைய விஷயம்மா. இப்ப எதுக்கு அது..."

"பழசுதான். எங்க வூட்ல மட்டும் அத்த தினம் புதுசா பேசிகினு கீறாங்க. ஊசி வேணாம்னு புள்ளயத் தின்னவள்னு எங்க மாமியாரு சாவற வரைக்கும் சொன்னாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா, ஆஸ்பத்திரி சாரே சொல்றாருன்னாங்க."

ஓரகத்தி எழுந்துவிட்டாள். "வாக்கா, போலாம். எனுக்கும் ஊசி வேணாம்."

"ஒக்காரு. எனுக்கு ஊசி மேல இன்னா கோவம்? நான் அடுத்த ரெண்டு புள்ளைக்கும் போட்டுகினுதான் பெத்தேன்." செவிலியரிடம் திரும்பி, "இவளுக்கு நாளைக்குப் பாவு பிணைக்கிறாங்க. தறி ஓடாது. இன்னிக்கே போட்டுடுங்க" என்றாள்.

ஓரகத்தி கையை நீட்டினாள். சரோஜா அவள் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. யாரோ கொண்டுவந்த டீயை நான் வாங்கிக்கொண்டேன்.

ரிட்டையரான பின்

வேலை முடிந்து, பதவி முடிந்து, இழக்க ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். சேவூருக்குப் போனேன். பழனி தறியில் இருந்தான், எழுந்திருக்கவில்லை. சரோஜா வாசலுக்கு வந்தாள். முதலாளியிடம் போனது, பழனியிடம் பொய் சொன்னது, போளூரில் நகராமல் நின்றது, விசாரணையில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியாதது விசாரணை ஒன்றுதான்.

முழுவதும் கேட்டாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவுது? எனுக்குத் தெரியாததா? எங்கெங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்ன இடங்கள் மரத்தடிகள், பஞ்சாயத்து ஹால்கள், ட்ரெயினிங் வகுப்புகள். அந்த இடங்களுக்கெல்லாம் இனி நான் போக முடியாது. நீங்கள் போவீர்கள். அதனால் உங்களிடம் எழுதுகிறேன்.

புது ஊசி ஒன்று வரும்போதெல்லாம் உங்களிடம் கவரேஜ் கேட்பார்கள். யாராவது ஒரு பெண் கேள்வி கேட்பாள். கை வலிக்குமா, எந்த நாள், யார் போடுவது என்று. அந்தக் கேள்வியைக் கேட்கிறவள் பாதி சம்மதித்துவிட்டாள். மீதிப் பாதி உங்கள் பதிலில் இருக்கிறது. வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லுங்கள். அவள் மேல் அதிகாரம் உள்ளவரைத் தேடிப் போகாதீர்கள். அவர் வாங்கிக் கொடுப்பது கீழ்ப்படிதல். அது ஒரு டோஸுக்குமேல் தாங்காது. வெளியே நிற்கச் சொன்னால் வெளியே நில்லுங்கள்.

சேவூர்த் தாயின் கதையை ஏதாவது வகுப்பில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகத்தான் கேள்விப்படுகிறேன். இனி சொல்லாதீர்கள். யாராவது சொன்னால் எழுந்து நின்று திருத்துங்கள். அந்தக் கதையைக் கட்டியவன் நான். அந்தப் பெண் ஊசியை மறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.